சித்திரை வெயிலில் ஒரு பனிமலை

ஜேர்மனிக்கு வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் எம்மவரிற் பெரும்பாலானோருக்குப் பனி என்பது வழித்து ஒதுக்க வேண்டிய ஒரு பொருளாகவே இருந்து வருகின்றது. வேலைக்குப் புறப்படுமுன் வாசலில் உப்புத் தூவி, வாகனக் கண்ணாடியைச் சுரண்டி, சப்பாத்து வழுக்குமோ என்று அஞ்சி அஞ்சி நடந்த காலைகளே அதனோடு சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. அதே பனியைத் தேடிக் காசு கொடுத்து மலையேறி, அதன்மேல் வேண்டுமென்றே வழுக்கி விளையாடுவதை ‘வெள்ளைக்காரரின் வேலையற்ற வேலை’ என்று நாமும் நெடுங்காலம் சொல்லி வந்தவர்களே. இவ்வாண்டு சித்திரை மாதத்து முதற் சனிக்கிழமை அந்த வேலையற்ற வேலையைச் செய்து பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது.

நாம் நால்வர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாவிட்டபுரத்து நண்பர், நெல்லியடி நண்பர், காரைநகர் நண்பர், இவற்றை எழுதும் நாம். ஐந்தாவதாக, எம்மை அழைத்துச் சென்றவர் மாவிட்டபுரத்து நண்பரின் மகள். படிப்பை முடித்து மூன்சென் நகரில் வேலை பார்க்கிறார். தகப்பனாருடைய பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். ஒன்றும் வேண்டாம் என்றாராம் இவர். “அப்படியென்றால் நான் சொல்வதைச் செய்யுங்கள், நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று பிள்ளை சொல்லிவிட்டார். பயர்ன் மாநிலச் சீட்டு ஒன்றில் ஐந்து பேர் பயணிக்கலாம் என்பதால் எண்ணிக்கையும் சரியாக அமைந்தது. சனி, ஞாயிறு தினங்களில் அதனை விடியற்காலை முதலே பயன்படுத்தலாம். மலைப் புகையிரதத்துக்கு மட்டும் வேறு சீட்டு எடுக்க வேண்டும்.

ஜேர்மனியின் மிக உயர்ந்த மலையாகிய சூக்ஷ்பிற்ச 2962 மீற்றர் உயரமானது. 1820ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் நாள் யோசப் நௌஸ் என்னும் நில அளவைப் படையதிகாரி தம் துணைவர்களுடன் அதன் உச்சியை அடைந்ததாகப் பதிவு உண்டு. அவர் நடந்து ஏறிய மலையை நாம் இருக்கையில் அமர்ந்தபடியே ஏறினோம். அடிவாரத்துக் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷென் ஊரிலிருந்து 1930இல் திறக்கப்பட்ட பற்சக்கரப் புகையிரதம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே கொண்டு சேர்க்கிறது. கிரைனௌ என்னும் சிற்றூர் வரை சாதாரண வண்டியைப் போல் ஓடி, அதற்குப் பின் தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. ஐப்சே ஏரியைக் கடந்ததும் காடு. காடு முடியுமிடத்தில் மலையின் வயிற்றுக்குள் சுமார் நாலரைக் கிலோமீற்றர் நீளச் சுரங்கம். அதன் மேற்பகுதி ஒன்றுக்கு, 1976இல் இன்ஸ்புறுக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கம் வென்ற றோசி மிற்றர்மையரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சுரங்கத்திலிருந்து வெளியே வந்து நிற்குமிடம் ‘பிளாற்’ என்று அழைக்கப்படும் மேட்டுவெளி. உயரம் ஏறத்தாழ 2600 மீற்றர். நம் நாட்டின் அதியுயர் மலையாகிய பீதுருதாலகாலை 2524 மீற்றர்தான். நுவரெலியாக் குளிரையே பெருங்குளிர் என்று கதைத்தவர்கள் நாம்! வண்டியை விட்டிறங்கி இருபது படி ஏறியதும் மூச்சு வாங்கிய காரைநகர் நண்பர், “காற்றையும் அளந்துதான் தருகிறார்கள்” என்றார்.

கார்மிஷ் ஊரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1936ஆம் ஆண்டு பெப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி அங்குதான் நடந்தது. மலைச்சரிவுச் சறுக்கு ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டதும் அப்போதுதான். ஆண்களில் பிரான்ஸ் பினூரும் பெண்களில் கிறிஸ்ரல் கிறான்சும் தங்கம் வென்றனர். யூதருக்கு அனுமதியில்லை என்று ஊரெங்கும் தொங்கிய பலகைகளை, வெளிநாட்டவர் கண்ணிற் படாதிருக்கப் போட்டிக் காலத்தில் மட்டும் கழற்றி வைத்திருந்தார்கள். 1938 நவம்பரில் அவ்வூர் யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். ஓர் ஊரிலிருந்து மக்களைச் சில மணி நேரத்தில் அகற்றுவது என்றால் என்னவென்று 1990 ஒக்டோபரும் 1995 ஒக்டோபரும் யாழ்ப்பாணத்தாருக்கு வெவ்வேறு விதமாகக் காட்டியிருக்கின்றன. முதலாவதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

இனிப் பனிக்கு வருவோம்.

வசந்தகாலப் பனி மார்கழிப் பனியைப் போன்றதன்று. பகல் வெயிலில் இளகி, இரவுக் குளிரில் மீண்டும் இறுகி, இப்படிப் பலநாள் இளகியும் இறுகியும் வந்ததால் பஞ்சுத்தன்மை போய்ச் சவ்வரிசி போன்ற மணிகளாகிவிடுகிறது. காலை ஒன்பது மணிக்கு அது சீமெந்துத் தரை. விழுந்தால் எலும்பு சொல்லும். பத்தரை, பதினொரு மணிக்கு மேற்பரப்பு ஒரு விரற்கடை அளவு இளகும். பழகியவர்கள் காத்திருப்பது அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகத்தான். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அது கூழ். கால் புதைந்து, முழங்கால் முறுகி, விபத்துகள் நேர்வது அப்போதுதான். இவ்வாறு இறுகிய பழம்பனியை டொச்சில் ‘ஃபிர்ன்’ என்பர். போன வருடத்தது என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்ததாம். அங்குள்ள பனியாற்றின் பெயராகிய ஷ்னேபேர்னர் என்பதில் உள்ள ‘பேர்னரும்’ அதன் உறவே. நம்மவர் ஆண்டை ஆறாகப் பகுத்தபோது மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வைத்தார்கள். அவர்கள் சொன்ன பனி புல்லின் நுனியில் நிற்பது. ஆயினும் பின்பனி முடிந்து இளவேனில் பிறக்கும் வாயிலில் நின்றுகொண்டு கண் கூசும் வெண்பரப்பைப் பார்த்தபோது, பெயர் என்னவோ இவ்விடத்துக்கும் பொருந்துவதாகவே எமக்குப் பட்டது. அங்கு செயற்கைப் பனி தூவுவதில்லை. வானம் கொடுப்பதை வைத்துக்கொண்டே வழக்கமாகச் சித்திரைக் கடைசி வரை சறுக்குகிறார்கள்.

எழுத்தில் ‘ஸ்கி’ என்று இருந்தாலும் இங்குள்ளவர்கள் ‘ஷீ’ என்றே உச்சரிக்கிறார்கள். பிளந்த மரத்துண்டு என்ற பொருளுடைய பழைய நோர்வேச் சொல்லாம். வாடகைக்கு எடுத்த சப்பாத்தை மாட்டுவதே ஒரு போராட்டம். முழங்காலுக்குக் கீழே அரைவாசி வரை இறுகிய பிளாஸ்ரிக், அதில் நான்கு கொளுவிகள். அதை அணிந்துகொண்டு நடந்த எம் நால்வரையும் பார்த்தவர்கள், விண்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்திருக்கக் கூடும். பிள்ளை எம்மை ஆகக் குறைந்த சரிவுக்குக் கூட்டிச் சென்றார். சறுக்குப் பாதைகளுக்கு இங்கு நிறக்குறி உண்டு. நீலம் இலகுவானது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நமக்கு நீலத்துக்கும் முந்திய ஒரு நிறம் தேவைப்பட்டது.

முதற் பாடம் நிற்பது. இரண்டாவது பாடம் விழுந்தால் எழும்புவது. மூன்றாவதுதான் சறுக்குவது. பலகைகளின் முன்நுனிகளை ஒன்றுக்கொன்று கிட்டவாகவும் பின்பக்கத்தை அகலமாகவும் வைத்தால் வேகம் குறையும். சிறுபிள்ளைகளுக்கு இதனைப் ‘பீற்சா’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், பீற்சாத் துண்டின் முக்கோண வடிவத்தால். இரண்டையும் நேராக வைத்தால் வேகம் கூடும். அது ‘பொம்மெஸ்’, பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையற்கூடத்தில் பீற்சாவும் பொம்மெசும் ஆயத்தம் செய்தவராகிய மாவிட்டபுரத்து நண்பர், மகள் “பீற்சா, அப்பா, பீற்சா!” என்று கத்தக் கத்தப் பொம்மெசாகவே போய்ப் பனித்திட்டில் மோதி நின்றார். தொப்பியும் கண்ணாடியும் வேறு வேறு திசைகளிற் கிடந்தன. எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு, “இன்னொரு முறை” என்றார்.

சின்ன வயதில் கமுகம் மடலில் ஒருவரை இருத்தி மற்றவர் இழுத்துச் செல்லும் விளையாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணலில் அது ‘சர்’ரென்று போகும் சத்தமும், வளைவிலே கவிழ்ந்து முழங்கை தேய்வதும், வீட்டில் அதற்கு வேறாக அடி விழுவதும்! மூன்றாம் நான்காம் முறை சறுக்கியபோது அந்தச் சத்தம் காதில் விழுந்தது. நெல்லியடி நண்பர்தான் எல்லோரிலும் வேகமாகப் பிடித்துக்கொண்டார். உதைபந்தாட்டக்காரரின் கால்கள் என்று பெருமை பேசினார். பதினொன்றரை மணிக்கு அவரும் பாதுகாப்பு வலையிற் சிக்கி மீனைப் போலக் கிடந்தார்.

நண்பகலில் உணவகத்தின் வெளித்தளத்து வெயிலில் அமர்ந்து, கொண்டுபோன றோல்சையும், காரைநகர் வீட்டிலிருந்து வந்த புட்டையும் சம்பலையும் வெளியே எடுத்தோம். சுற்றியிருந்தவர்கள் முகத்துக்கு வெண்களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை எமக்கும் நீட்டினார். “எங்கட தோலுக்கு இதெல்லாம் எதற்கு, வெயிலிலே பிறந்த ஆட்கள்” என்று நால்வரும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம். இது அறியாமை. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது சூரியனின் புறவூதாக் கதிர் பத்து வீதமளவு கூடுகிறது. புதுப்பனி அதில் 80 வீதம் வரை திருப்பி எறிகிறது. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து இன்னொரு வெயில். மறுநாட் காலை எம் நால்வருடைய மூக்கும் உரிந்தது. எம் நிறம் எம்மைக் காக்குமென்று எண்ணி யாரும் களிம்பின்றிப் போக வேண்டாம். கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

அந்தத் தளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பாறையோடு ஒட்டினாற்போல் ஒரு பெருங்கட்டடம் தெரிகிறது. ஷ்னேபேர்னர் இல்லம். இன்று அது சூழல் ஆய்வு நிலையம். முன்னர் விடுதியாக இருந்தது. 1965ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நம்மைப் போலவே வெயில் காய்ந்துகொண்டு அதன் வெளித்தளத்தில் இருந்தவர்கள் மேல் பனிச்சரிவு வந்து விழுந்ததிற் பத்துப் பேர் மாண்டார்கள். வசந்தகாலப் பனியின் மறுமுகம் இது. வெயில் ஏற ஏற, நீர் இறங்கி அடிப்பிடிப்புத் தளர்ந்து, முழுச்சரிவும் பெயர்ந்து வரும். ஆகவே எச்சரிக்கைப் பலகைகளை மதிப்பதும், குறித்த பாதையை விட்டு விலகாமையும், பிற்பகலில் வேளையோடு இறங்குவதும் கோழைத்தனமல்ல. முன்னே செல்பவருக்கே வழியுரிமை, பாதை நடுவில் நிற்கக் கூடாது என்பன போன்ற பத்து விதிகளை அனைத்துலகச் சறுக்குச் சம்மேளனம் 1967இல் வகுத்தது. தலைக்கவசம் அணியும்படி ஜேர்மன் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று அங்கு தலைக்கவசம் இன்றிச் சறுக்கிய பிள்ளை ஒன்றையேனும் நாம் காணவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தகப்பனார் தேநீர் வாங்கப் போயிருந்த வேளையிற்றான் பிள்ளை எம்மிடம் கேட்டார்.

“மாமா, அந்தக் கடிதம் நீங்கள்தானே எழுதினது?”

எந்தக் கடிதம் என்று கேட்கும் துணிவு எமக்கு வரவில்லை.

2014 தை மாதம். பிள்ளை ஏழாம் வகுப்பு. வகுப்பு முழுவதும் ஒரு கிழமை மலைக்குச் சென்று சறுக்குப் பழக வேண்டும் என்று பாடசாலை அறிவித்திருந்தது. தகப்பனார் அத்தாளை எம்மிடம் கொண்டுவந்தார். முந்திய மாதந்தான், 2013 டிசம்பர் 29இல், மிகையில் சூமாக்கர் பிரான்ஸ் நாட்டு மலையில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. “மணிக்கு முந்நூறு கிலோமீற்றரில் கார் ஓட்டினவனுக்கே இந்தக் கதி, மாஸ்ரர்” என்றார். காசுக் கணக்கும் இருந்தது. பெண்பிள்ளை ஐந்து இரவு வெளியே தங்குவதா என்ற கேள்வியும் இருந்தது. அவற்றையெல்லாம் பாடசாலைக்குச் சொல்ல முடியாதென்பதால், பிள்ளைக்கு உடல்நலக் குறைவு என்று டொச்சில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தோம். ஊரில் ஒன்பது வருடம் படிப்பித்தவர்கள் நாம். சுற்றுலாவுக்கு விட மறுத்த பெற்றோரின் வாசற்படியில் நின்று மன்றாடிப் பிள்ளைகளைப் பொலநறுவைக்கும் கண்டிக்கும் அழைத்துச் சென்றவர்கள். இங்கு வந்த பின் அந்த வாசற்படியின் மறுபக்கத்தில் நின்றோம்.

“அப்பாவின்ர டொச்சில பிழையில்லாமல் ஒரு கடிதம் வராது. ரீச்சருக்கும் விளங்கியிருக்கும்” என்று சிரித்தார். அந்தக் கிழமை முழுவதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருத்தி வைத்தார்களாம். “நீங்கள் ரீச்சராய் இருந்தனீங்கள். அப்பாவிட்ட என்னை விடச் சொல்லுவியள் எண்டு நினைச்சனான்.”

கோபத்தோடு சொல்லவில்லை. தகப்பனார் ஐந்து கோப்பைத் தேநீரையும் தட்டில் வைத்து, அந்தச் சப்பாத்தோடு நடக்கப் படும் பாட்டைப் பார்த்து எழுந்து ஓடிவிட்டார்.

அன்று நாம் விசாரித்திருந்தால் அறிந்திருக்கக் கூடியவற்றை இங்கே எழுதிவிடுகிறோம். சமூக உதவி, குடியிருப்புப் படியாகிய வோன்கெல்ட், குழந்தை மேலதிகப் படி ஆகியவற்றைப் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பல நாள் வகுப்புப் பயணங்களின் உண்மைச் செலவை 2011 முதல் கல்வியும் பங்கேற்பும் என்னும் உதவித் திட்டம் ஏற்கிறது. தஞ்சம் கோருவோருக்கான சட்டத்தின் கீழ் உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மாவிட்டபுரத்து நண்பர் குடும்பத்துக்கு அக்காலத்தில் வோன்கெல்ட் கிடைத்து வந்தது. அதாவது, காசு ஒரு தடையாகவே இருந்திருக்கத் தேவையில்லை. பாடசாலை நடத்தும் பயணத்தில் அடிபட்டால் சட்டபூர்வ மாணவர் விபத்துக் காப்புறுதி பொறுப்பேற்கும். 1971 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு அறைகளிலா தங்குவார்கள், உணவில் மாட்டிறைச்சி விலக்கலாமா என்பன போன்றவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் நேரே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்முடையது, அவர்களுடையதல்ல.

பிற்பகல் பனி கூழாகத் தொடங்கியதும் பலகைகளைக் கழற்றிவிட்டு, தொங்குவண்டியில் உச்சிக்குப் போனோம். ஜேர்மனிக்கும் ஒஸ்ரியாவுக்கும் இடையிலான எல்லை அந்த உச்சியின் மேலாகச் செல்கிறது. இப்புறம் பயர்ன் மாநிலப் பலகை, அப்புறம் திரோல். காரைநகர் நண்பர் அவ்விடத்தில் நின்றுவிட்டார். தஞ்சக் கோரிக்கை முடிவாகாதவர்கள் தமக்குரிய மாவட்டத்தை விட்டு அனுமதிச் சீட்டின்றி வெளியேற முடியாதிருந்த காலத்தில் வந்தவர் அவர். ஒன்றுவிட்ட சகோதரியின் திருமணத்துக்காகப் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ப் பிடிபட்டு, கையிலிருந்த காசைத் தண்டமாகக் கட்டியவர். அந்தக் கட்டுப்பாடு 2015 ஜனவரியில் பெருமளவு தளர்த்தப்பட்டது. எனினும் முதல்வரவேற்பு நிலையங்களில் தங்க வேண்டியிருப்போருக்கு இன்றும் அது உண்டு. நாட்டெல்லை தாண்டுவதோ வேறு விடயம். விசாரணை முடியாதவர்களும் ‘டுல்டுங்’ வைத்திருப்போரும் உச்சிக்குப் போனால் கவனமாக இருக்க வேண்டும். சறுக்குவெளி முழுவதும் ஜேர்மனிக்குள்ளேயே இருப்பதால் அங்கு அச்சமில்லை.

இப்போது ஜேர்மன் கடவுச்சீட்டுக் காரராகிவிட்ட நண்பர் வலது காலை எடுத்து ஒஸ்ரியாவுக்குள் வைத்தார். பின் எடுத்தார். பின் மீண்டும் வைத்தார். பிள்ளை அதைப் படமெடுத்தார்.

மேலிருந்து பார்க்கையில் வெள்ளையாய் விரிந்து கிடந்த வெளியில் தெற்குப்புற மூலையைக் காட்டி, அங்கே ஒரு பனியாறு இருந்தது என்றார் பிள்ளை. தெற்கு ஷ்னேபேர்னர் இனிப் பனியாறு அல்ல என்று பயர்ன் அறிவியற் கழகம் 2022 செப்ரெம்பரில் அறிவித்தது. பெரும்பாலான இடங்களில் பனிக்கட்டியின் தடிப்பு இரண்டு மீற்றருக்கும் குறைந்துவிட்டது. அசையாத பனிக்கட்டி பனியாறு ஆகாது. நாடு முழுவதிலும் எஞ்சியவை நான்கு என்று அப்போது சொன்னார்கள். அவற்றுள் ஒன்றான வடக்கு ஷ்னேபேர்னர் நம் காலடியில் இருந்தது. 1993 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோடையில் அதன்மேல் பாரிய விரிப்புகளை இட்டு வெயிலிலிருந்து காக்க முயன்று, பயன் போதாதென்று கைவிட்டிருக்கிறார்கள். குளிர்காலத்துப் புதுப்பனி எல்லாவற்றையும் மூடிவிடுவதால், எது பனியாறு, எது வெறும் பாறை என்று எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இறங்கும் வண்டியில் கூட்டம். நனைந்த கையுறை நாற்றமும் களைத்த பிள்ளைகளின் சிணுங்கலும். தொடைகள் இரண்டும் எம்முடையவையா என்று ஐயமாக இருந்தது. மாவிட்டபுரத்து நண்பர் திடீரென்று மகளைக் கேட்டார்:

“அப்ப அந்தக் கிழமைக்கு எவ்வளவு கேட்டவை?”

“265 யூரோ” என்றார் பிள்ளை, யோசிக்காமல்.

நண்பர் தலையை ஆட்டினார். வண்டி சுரங்கத்துக்குள் இருந்ததால் யன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. ஆயினும் ஐப்சே வரும் வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கண்ணாடி இரவல் வாங்க மறுத்த நெல்லியடி நண்பருக்கு அன்றிரவு கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல் எரிச்சல். பனிக்கூச்சம் ஆறேழு மணி நேரம் கழித்தே தெரியவரும் என்று மருத்துவர் சொன்னாராம். இரண்டு நாள் அறையை இருட்டாக்கிக் கிடந்து சுகமானார். அடுத்த வருடமும் போவதானால் தம்மை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.